விஷம் என்று நான் சொன்ன மாத்திரை

இயேசு மரி சூசை துணை

இராமேஸ்வரம்,
ஜூன் 11.

பாசமும் மரியாதையும் நிறைந்த மச்சான் யேசுதாஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை லீமாரோஸைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷமாக உங்கள் கேலியைத் தாங்கிவரும் மாப்பிள்ளை டேவிட்ராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் ஆண்டவர் கிருபையால் சுகம். அங்கே நீங்களும் சுகம்தானே என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. நீங்கள் சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும் என்பதால் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் போனை எடுத்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. இந்த மாதம் எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் சொல்கிறாள், முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில், அதற்குப் பிறகும் நான் வைக்காவிட்டால் மறுபடி தமிழில். அந்தப் பெண்ணின் குரல் எங்கள் வீட்டு மனுஷியின் குரல் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் உங்கள் வீட்டுக்கார அம்மா கிறிஸ்டினா அக்காதான் உங்கள் தங்கையிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினார்கள். கார்த்திகை வாடைக்காற்றில் உங்கள் வள்ளம் கரையில் கட்டியபடியே மோதி உடைந்ததிலிருந்து நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறீர்களாம். முகச்சவரம் இல்லை, பேச்சு இல்லை, நண்டுக் குழம்பு வைத்தால்கூட இரண்டு வாய்தானாம். நண்டைக் கண்டால் என் இலையில் கிடக்கும் நண்டுக் காலைக்கூடப் பிடுங்கித் தின்கிற ஆள் நீங்கள். அக்கா எப்படியோ உங்களை இராமநாதபுரம் டாக்டரிடம் கூட்டிப்போய், டாக்டர் எனக்கு எழுதின அதே மாத்திரையை எழுதி, வாங்கிவந்த அட்டை மூன்று வாரமாகப் பிரிக்காமல் அந்தோணியார் படத்துக்குப் பின்னால் கிடக்கிறதாம். ஏன் போடவில்லை என்று அக்கா கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. "அது வெசம்னு மாப்ள சொல்லிருக்கான்."

மச்சான், நான் சொன்னது தப்பு. இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். மிச்சம் எழுதுவதெல்லாம் இந்த ஒரு வரிக்கு விளக்கம்தான். என் கல்யாணச் சீருக்கு எந்த டெலிவிஷன் வாங்குவது என்பதிலிருந்து உங்கள் வள்ளத்துக்கு எந்த மோட்டார் வாங்குவது என்பது வரை இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்ன ஒரு சொல்லையாவது நீங்கள் கேட்டதுண்டா? மோட்டார் விஷயத்தில் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அது வேறு. இந்த ஒன்றைப் போய்க் கேட்டுவிட்டீர்களே.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்காவது வள்ளம் உடைந்தது, ஊர் வந்து பார்த்தது, அய்யோ பாவம் என்றது. எனக்கு ஒன்றுமே உடையவில்லை. அதுதான் பெரிய அவமானமாக இருந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கடைசியில் நான் ஓட்டும் ஓனர் படகுக்குப் புதுப் பெயின்ட், நல்ல மீன்பாடு, பிள்ளைகள் ஒழுங்கு, கடன்காரர் வாசலில் இல்லை. ஆனாலும் எனக்குக் காலையில் எழுந்து காலைத் தரையில் வைப்பதே மலையேற்றமாக இருந்தது. என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன், படகு கட்டும் இந்த ஜெட்டியில் எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லும் டிரைவர் நான் ஒருத்தன்தான். அந்த எஞ்சின் நடுக்கடலில் இருமியபோது நான் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நின்றால் நிற்கட்டும் என்று இருந்தது. அதற்கு மேலும் ஒன்றிரண்டு யோசனை வந்தது, பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது கீழே தண்ணீரைப் பார்த்தால் வரும் யோசனை. அதை உங்கள் தங்கையிடம் சொன்ன அன்றைக்குத்தான் அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அதற்கு முன்னால் ஓரியூர் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம், தாயத்துக் கட்டச் சொன்ன ஆட்களும் உண்டு. ஓரியூர் அருளானந்தர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்தான் டாக்டரிடம் அனுப்பினார் என்று உங்கள் தங்கை இன்றைக்கும் சொல்கிறாள்.

டாக்டர் பெயர் மாஷிதா. கீழக்கரைப் பெண், இராமநாதபுரத்தில் பார்க்கிறார், என் மூத்த மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். நான் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் முக்கால் மணி நேரம் என்னையே பேசவிட்டுவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் இரண்டு வேர் மாதிரி வரைந்தார். "இது ஒரு நரம்பு, இது அடுத்த நரம்புண்ணே. ரெண்டும் தொட்டுக்காது. நடுவுல மயிரிழை எடவெளி. சேதி அந்த எடவெளியத் தாண்டணும்னா இந்த நரம்பு கொஞ்சம் சரக்கு வெளிய விடும். அந்தச் சரக்குல ஒண்ணுதான் செரோட்டோனின். சேதி போனதும் விட்ட நரம்பே அத மறுபடி உறிஞ்சிக்கிரும். இந்த மாத்திர அந்த உறிஞ்சுற வாய அடைக்கும். அதனால செரோட்டோனின் எடவெளியிலயே கொஞ்ச நேரம் கூடுதலா நிக்கும்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. டீசல் எஞ்சினில் பம்பு அனுப்பியது போக மிச்ச எண்ணெய் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க்குக்கே திரும்பிப் போகும். "அப்ப நீங்க ரிட்டர்ன் லைன அடைக்கிறீங்க!" என்று கத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மாவுக்கு எஞ்சின் தெரியாது, நான் அதே சீட்டில் அவர் வரைந்த நரம்புக்குப் பக்கத்தில் ஃப்யூவல் பம்பு வரைந்து காட்டினேன். அவரும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டார். "ஆனா டாக்டரம்மா, ரிட்டர்ன அடச்சா எஞ்சின் தாறுமாறா ஓடுமே, எந் தலையும் அப்பிடிப் பண்ணுனா?" என்றேன். "கொஞ்ச நாளு பண்ணும்ணே. அதச் சொல்லத்தான் ஒங்கள இன்னும் ஒக்கார வச்சிருக்கேன்" என்றார். அந்தச் சரக்கு கூடுவது சீக்கிரமே நடந்துவிடுமாம். ஆனால் நரம்புகள் அதற்குப் பழகித் தங்களை மாற்றிக்கொண்டு மனசு வெளுக்க மூன்று நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகுமாம். பக்க விளைவு முதல் நாளே வந்து உட்காரும், நல்லது கடைசியில்தான் வருமாம். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டேன். "முழுசா எங்களுக்கே தெரியாதுண்ணே" என்றார். முப்பத்து நாலு வருஷமாக மெக்கானிக்குகளோடு பழகுகிறேன், தெரியாது என்று வாயால் சொன்ன ஒரே ஆள் இவர்தான். அதனாலேயே நம்பினேன்.

முதல் வாரம். மச்சான், சூறாவளியில் படகு தள்ளாடும்போது ஒரு கையில் தேத்தண்ணீரும் ஒரு கையில் ஸ்டீயரிங்குமாக நின்ற ஆள் நான். கடலில் ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை. மூன்றாம் நாள் காலை கெட்டித் தரையில், எங்கள் தெருக் குழாயடியில், பத்துப் பெண்கள் குடத்தோடு நிற்கும்போது ஓங்கரித்து உட்கார்ந்துவிட்டேன். இந்தச் செரோட்டோனின் மூளையில் இருப்பதைவிடக் குடலில்தான் அதிகம் இருக்கிறதாம், அதனால் வயிறுதான் முதலில் கலங்குமாம், சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குறையுமாம். இதை டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார், நான் வெறும் வயிற்றில் போட்டேன். மறுநாளும் அதே குழாயடி. எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் எல்லோர் முன்னாலும் உங்கள் தங்கையிடம் கேட்டாள், "என்ன லீமா, ஒங்க வீட்டுக்காரருக்கு எத்தன மாசம்?" அந்தக் கோபத்தோடு வீட்டுக்குள் வந்துதான் உங்களுக்குப் போன் போட்டேன். "மச்சான், இது வெசம், சென்மத்துல தொட்றாதீங்க" என்று சொன்னது அந்த நிமிஷத்தில்தான். பிச்சையம்மாள் மேல் வந்த கோபத்தில் சொன்னதை நீங்கள் வேதவாக்காக எடுத்து வைத்துக்கொண்டீர்கள்.

இரண்டாம் வாரம் வயிறு அடங்கியது, கொட்டாவி பிடித்துக்கொண்டது. தூக்கக் கொட்டாவி இல்லை, தாடை கழன்றுவிடும் போல் வரும் கொட்டாவி. இதுவும் அந்த மாத்திரையின் வேலைதானாம், எனக்கு அப்போது தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பங்குச் சாமியார் மனந்திரும்புதல் பற்றிப் பிரசங்கம் வைக்க வைக்க, ஒன்று மாற்றி ஒன்று. வாயை மூடினால் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, பக்கத்தில் இருந்தவர் நான் மனந்திரும்பி அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தட்டுகிறார். செவ்வாய்க்கிழமை சாமியாரே வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே, "டேவிட், ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. நான் அவ்வளவு மோசமாவா பேசுறேன்?" என்றார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு வாய்வுக் கோளாறு சாமி என்று சொல்லி வைத்தேன். அவர் நம்பவில்லை போல. அடுத்த ஞாயிறிலிருந்து பிரசங்கம் பத்து நிமிஷத்துக்குள் முடிகிறது. அதற்குக் காரணம் யார் என்று பங்கு மக்களுக்குத் தெரியாது, தெரிந்தால் எனக்கு மாலை போடுவார்கள்.

கை நடுக்கம் ஒரு பத்து நாள் இருந்தது, வியர்வை இருந்தது, கனவெல்லாம் கலர் கலராக வந்தது. ஒரு கனவில் நீங்கள் பெண் வேஷம் போட்டு என்னிடம் மோட்டாருக்கு யோசனை கேட்டீர்கள். முதல் வாரங்களில் சிலருக்கு நெஞ்சுப் படபடப்பும் நிலைகொள்ளாமையும் கூடுமாம், எனக்குக் கொஞ்சம் கூடியது, உடனே டாக்டரிடம் சொன்னதில் சரியானது. அப்புறம் இன்னொரு விஷயம் இருக்கிறது. அது புருஷன் பெண்டாட்டி விஷயம். அதை டாக்டரம்மாவே முகம் மாறாமல் என்னிடம் கேட்டார், நான் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். ஆனால் பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணனுக்கு அதை நான் எப்படி எழுதுவது? எழுத மாட்டேன். நாக்கை அறுத்தாலும் சொல்ல மாட்டேன். அப்படி ஏதாவது வந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார், இல்லை மருந்தையே மாற்றுவார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு அளவை மாற்றினார். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஐந்தாம் வாரம் ஒரு புதன்கிழமை மத்தியானம் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தவன், தட்டைத் தள்ளிவிட்டு, "இதென்ன கொழம்பா, கழனித் தண்ணியா? உப்பு எங்க?" என்று சத்தம் போட்டேன். உங்கள் தங்கை அடுக்களையிலிருந்து வந்து என்னைப் பார்த்தாள். பிறகு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நான் பதறிப்போய், "ஏய், சரி சரி, உப்பு போதும், நல்லாத்தான் இருக்கு" என்கிறேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அஞ்சு மாசமா என்னத்தப் போட்டாலும் வாயத் தொறக்காமத் தின்னீங்க. நேத்து உப்பே போடாமத்தான் வச்சேன், அதையும் தின்னீங்க. இன்னைக்குத்தான் ஒங்க வாயி வந்திருக்கு" என்றாள். மச்சான், எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் உப்பில்லாத குழம்பை நடுவில் வைத்துக்கொண்டு அழுதோம். அந்த வாரமே படகில் இரண்டாவது சிலிண்டர் தட்டுவது காதில் கேட்டது. மனசு முழுக்க ஒரே நாளில் வெளுத்துவிடவில்லை, மூன்று நல்ல நாள், ஒரு கெட்ட நாள் என்று மெதுவாகத்தான் வந்தது. வந்தது என்பதுதான் விஷயம்.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், அதற்குத்தான் எழுதுகிறேன். ஏப்ரல் பதினைந்து வந்தது. மீன்பிடித் தடைக்காலம். அறுபத்தொரு நாள் படகு கரையேறிவிட்டது, எஞ்சினைக் கழற்றி விரித்துப் போட்டாயிற்று, வலை மடித்தாயிற்று, கடலுக்கே ஓய்வு விட்டாயிற்று. நான் மாத்திரை அட்டையைக் கையில் வைத்து யோசித்தேன். கடலுக்கு ஓய்வு, மீனுக்கு ஓய்வு, எஞ்சினுக்கு ஓய்வு, நரம்புக்கு மட்டும் வேலையா? அறுபத்தொரு நாள் விட்டால் மீன் பெருகுகிற மாதிரி உடம்புக்குள் சொந்தமாகவே செரோட்டோனின் பெருகிவிடும், ஜூன் மாதம் மறுபடி அள்ளிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். வேலைக்குப் போகாதவன் எதற்கு மாத்திரை போட வேண்டும் என்பதும் ஒரு நியாயமாகத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே டக்கென்று நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் கண்ணைத் திருப்பினால் தலைக்குள் ஷாக் அடித்தது. சும்மா சொல்லவில்லை மச்சான், கரண்டுக் கம்பியைத் தொட்ட மாதிரி விர்ரென்று ஒன்று, பின்மண்டையிலிருந்து உதடு வரைக்கும். வீட்டு வயரிங்கில் கசிவு என்று முடிவு கட்டினேன். உப்புக்காற்று ஊர், சுவரெல்லாம் ஈரம், வேறென்ன இருக்கும்? எலக்ட்ரீஷியன் சோணைமுத்துவைக் கூட்டிவந்தேன். அவன் மீட்டரிலிருந்து ஃபேன் வரைக்கும் பார்த்துவிட்டுக் கசிவே இல்லை என்றான். நான் விடவில்லை. மெயினைப் பிடுங்கச் சொன்னேன். சித்திரை வெயிலில் இரண்டு நாள் ஃபேன் இல்லை, மிக்ஸி இல்லை, உங்கள் தங்கையையும் பிள்ளைகளையும் வீட்டுக்குள் ரப்பர் செருப்போடு நடக்க வைத்தேன். அப்படியும் ஷாக். கடற்கரைக்கு ஓடினேன், மணலில் நின்றேன், அங்கேயும் ஷாக். திரும்பிவந்து, "சோண, டெஸ்டர எந் நெத்தியில வச்சுப் பாரு" என்றேன். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு வைத்தான். விளக்கு எரியவில்லை. "அண்ணே, ஒங்ககிட்ட கரண்டே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கருவிகளை எடுத்துக்கொண்டு போனவன் இன்றைக்கும் என்னைக் கண்டால் தெரு மாறிப் போகிறான்.

ஷாக்கோடு போகவில்லை. தலை சுற்றியது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன், விளம்பரத்தில் ஒரு குழந்தை சிரித்ததற்குக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். ஒன்பதாம் நாள் உங்கள் தங்கை அலமாரியைத் துடைக்கும்போது மாத்திரை அட்டை குறையாமல் இருப்பதைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை எழுத வேண்டாம், உங்கள் வீட்டுப் பெண், உங்களுக்குத் தெரியாததா. மறுநாள் டாக்டரம்மா முன்னால் குற்றவாளி மாதிரி நின்றேன். என் மீன்வள விளக்கத்தை முழுசாகக் கேட்டார். "அண்ணே, தடைக்காலம் கடலுக்குத்தான். நரம்புக்கு எந்த சர்க்கார் உத்தரவு போட்டுச்சு?" என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார். இது சாராயம் மாதிரி அடிமையாக்கும் சரக்கு இல்லை, வேண்டும் வேண்டும் என்று மனசு அலையாது. ஆனால் நரம்புகள் அதற்கு ஏற்றபடி தங்களைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது திடீரென்று பிடுங்கினால் அதுகள் திகைத்துப் போகும், அதுதான் ஷாக். நிறுத்தும் காலம் வந்தால் படிப்படியாகக் குறைத்து, டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். மறுபடி ஆரம்பித்தேன், ஷாக் போய்விட்டது. சளி மருந்து, வலி மாத்திரை வாங்கினால்கூட இவரிடம் கேட்காமல் வாங்கக் கூடாதாம், சில மருந்து இதோடு சேர்ந்தால் செரோட்டோனின் எல்லை மீறிப் போய் ஆபத்தாகிவிடுமாம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எழுதக் கை கூசுகிற இடத்துக்கு வந்துவிட்டேன். போன ஆகஸ்டில் உங்கள் பேரன் ஞானஸ்நானத்துக்குத் தொண்டி வந்திருந்தோமே, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கேட்டீர்கள், "மாப்ள, ஆளு நல்லாத் தெளிஞ்சிருக்கீங்களே, அந்த மாத்திர என்னாச்சு?" சுற்றிலும் சொந்தக்காரர்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அத அப்பவே கடல்ல வீசிட்டேன் மச்சான். எல்லாம் மன தைரியம்தான்" என்றேன். நீங்கள் என் தோளைத் தட்டி இன்னொரு துண்டுக் கறியை என் இலையில் வைத்தீர்கள். அந்த நேரம் அந்த மாத்திரை என் சட்டைப் பையில் இருந்தது. நான் அதை நிறுத்தவில்லை மச்சான். இன்றைக்குக் காலையிலும் போட்டேன். நீங்கள் பார்த்த தெளிவு என் தைரியம் இல்லை, அந்த மாத்திரையும் டாக்டரம்மாவும் உங்கள் தங்கையும் சேர்ந்து கொடுத்தது. அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் உங்கள் அட்டை இன்றைக்கு அந்தோணியாருக்குப் பின்னால் கிடக்காது. நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கு இருக்கும் தைரியம் நமக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்.

அதனால் கேட்கிறேன். காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று போடுங்கள். இரண்டு வாரத்துக்கு அதைத் திட்டுங்கள், என்னையும் சேர்த்துத் திட்டுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள். ரொம்பப் படுத்தினால் அக்காவை டாக்டருக்குப் போன் போடச் சொல்லுங்கள். பாலத்தில் எனக்கு வந்த மாதிரி யோசனை உங்களுக்கு வந்தால், வந்திருந்தால், அதை மறைக்காமல் அந்த நிமிஷமே அக்காவிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், தனியாக இருக்காதீர்கள். சொன்னதால்தான் நான் இருக்கிறேன். முதல் மருந்தே எல்லோருக்கும் பொருந்திவிடும் என்று இல்லை, பொருந்தாவிட்டால் வேறு இருக்கிறதாம். டாக்டரோடு உட்கார்ந்து பேசுவதும் மருந்தோடு சேர்ந்த வைத்தியம்தானாம். வள்ளம் போனால் வேறு வள்ளம் வரும் என்று நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை, அது உங்கள் வள்ளம், அதற்கு அழுவதில் தப்பே இல்லை. ஆனால் அழுதுவிட்டு எழுந்து நடக்கக் கால் வேண்டும், அந்தக் காலுக்குத்தான் இந்த மாத்திரை.

நேரில் வந்து சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். தடைக்காலம் முடிகிறது, எஞ்சின் பூட்டி டிரையல் பார்க்க வேண்டும், கடலுக்குப் போகும் முதல் தொழிலுக்கு நான் இல்லாமல் படகு நகராது. வருஷத்தில் அந்த ஒரு தொழிலில் விழும் இறாலுக்கு இணை கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே இப்போதைக்கு என்னால் வர இயலாது. அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். பேரனுக்கு முத்தங்கள். வயதில் இளையவன் உங்களை ஆசீர்வதிக்கக் கூடாது என்பதால் ஆரோக்கிய மாதாவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் வாயால் ஒருநாளும் நல்ல பெயர் வாங்காத மாப்பிள்ளை,
டேவிட்ராஜ்.

பி.கு. ஜூன் 15, தொண்டி. வர இயலாது என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். கடிதத்தைத் தபாலில் போடக் கொடுத்தபோது உங்கள் தங்கை, "போனையே எடுக்காத மனுசன் கவரைப் பிரிப்பாராக்கும்?" என்று கேட்டாள். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஓனரிடம் போய் முதல் தொழிலுக்கு வரவில்லை என்றேன். "ஏலே டேவிட்டு, இதுக்கு வராம வேற எதுக்குலே வருவ?" என்று குதித்தார். ஜெட்டியில் அத்தனை பேர் நிற்க, "மச்சானுக்கு மனசு சரியில்லண்ணே. எனக்கும் அதேதான் இருந்துச்சு, ஒன்றர வருசமா மாத்திர திங்கிறேன், வாய்வு மாத்திர இல்ல அது" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைத் தனியே கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தி, "அந்த டாக்டர் எங்கனய்யா இருக்காக?" என்று கேட்டார். இந்நேரம் படகெல்லாம் கிளம்பியிருக்கும். என் எஞ்சினை வேறு ஒருத்தன் ஓட்டுகிறான் என்று நினைத்தால் வயிறு எரிகிறது, அதைப் பிறகு பேசலாம். இந்த வரிகளை உங்கள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்காதான் கடிதத்தை உங்கள் கையில் தருவார்கள். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருப்பேன். இட்லி ஆவி பறக்க இருக்கிறது. இன்றைக்கு நான் இன்னும் என் மாத்திரையைப் போடவில்லை, சேர்ந்து போடலாம் என்று கொண்டுவந்திருக்கிறேன். இந்தப் பக்கம் திரும்புங்கள் மச்சான்.